பேராக் தோட்டப்புறமும் இரட்டைக்குழல் துப்பாக்கியும்: ஆயர் தாவார் வட்டாரத்தை முன்வைத்து

முன்னுரை

மலேசியத் தமிழரின் தோட்ட வாழ்வு பற்றிய ஆய்வுகள் கங்காணி முறை, கூலி, கள்ளுக்கடை, கோயில், தமிழ்ப்பள்ளி, தொழிற்சங்கம் எனப் பல களங்களில் விரிந்துள்ளன. தோட்டத்தில் புழங்கிய பொருள்களைச் சான்றாகக் கொண்டு அவ்வாழ்வை நோக்கும் முயற்சிகள் ஒப்பளவில் குறைவே. பால் வெட்டும் கத்தி, மங்கு, பால்வாளி, துரையின் பங்களா மணி ஆகியவற்றுக்கெல்லாம் வரலாறு உண்டு. அவ்வரிசையில் இரட்டைக்குழல் வேட்டைத் துப்பாக்கியை இக்கட்டுரையில் எடுத்துக்கொள்கிறோம். பேராக் மாநிலத்தின் ரப்பர்த் தோட்டங்களில் நம்பத்தகுந்த துப்பாக்கி எவ்வாறு தெரிவு செய்யப்பட்டது, அத்தெரிவில் பங்குகொள்ள யாருக்கு இடமிருந்தது என்னும் இரு வினாக்களை இணைத்து நோக்குவதே நம் நோக்கம். முதல் வினா எஃகையும் ஈரக்காற்றையும் பற்றியது; இரண்டாவது சட்டத்தைப் பற்றியது. இரண்டாவதற்கு விடை காணாமல் முதலாவதைப் பேசினால் அது விலைப்பட்டியலாகவே முடியும்.

ஆயர் தாவார், ஈப்போவிற்குத் தென்மேற்கே இன்றைய மஞ்சோங் மாவட்டத்தில் அமைந்த சிற்றூர். 1903இல் மெதடிஸ்ட் திருச்சபையின் முயற்சியால் சித்தியவானில் குடியேறிய பூச்சோவ் சீனர்களின் வழியினரும், சுற்றுவட்டாரத் தோட்டங்களுக்கு வந்த தமிழரும், அதற்கு முன்பிருந்தே வாழ்ந்த மலாய்க்காரரும் கூடி வாழும் ஊர் அது. சொகமானா, சுங்கை வாங்கி முதலிய தோட்டப் பெயர்கள் இன்றும் தமிழ்ப்பள்ளிகளின் பெயர்களாக நிலைத்திருக்கின்றன. இவ்வட்டாரத்திற்கு மற்றொரு தனித்தன்மையும் உண்டு. 1874ஆம் ஆண்டு பங்கோர் உடன்படிக்கையின்படி லூமுட், பங்கோர் ஆகியவற்றை உள்ளடக்கிய டிண்டிங்ஸ் பகுதி நீரிணைக் குடியேற்றங்களோடு சேர்க்கப்பட்டது. 1935இல்தான் அது பேராக்கிற்கு மீண்டது. எனவே அறுபது ஆண்டுக் காலம் கடற்கரை ஓர் ஆட்சியிலும், சில மைல் உள்ளே இருந்த தோட்டக்காடு வேறோர் ஆட்சியிலும் இருந்தன. துப்பாக்கி உரிமம் போன்ற செய்திகளில் இத்தகைய எல்லைக்கோடு பொருளற்றதன்று.

சொல்லும் பொருளும்

இந்நாட்டில் துப்பாக்கியைக் குறிக்க வழங்கும் சொற்களே ஒரு சிறு வரலாற்றைக் கூறுகின்றன. தமிழில் ‘துப்பாக்கி’ துருக்கிய மூலமுடையது. வடநாட்டு வழக்கின் வழியாக நம்மிடம் வந்தது. குறளின் வான்சிறப்பு அதிகாரத்தில் இதே ஒலிக்கூட்டம் காணப்படுவதைக் காட்டிப் பட்டிமன்றங்களில் கைதட்டல் பெறுவோர் உளர். அது வேறு சொல், வேறு பொருள். ‘தோட்டா’வும் இந்துஸ்தானி வரவே. மலாய்மொழியின் ‘செனாப்பாங்’ டச்சுக்காரர் தந்தது. குழலை மடித்துத் தோட்டா இடும் வேட்டைத் துப்பாக்கியை மலாய்க்காரர் ‘செனாப்பாங் பாத்தா’, அஃதாவது ‘ஒடியும் துப்பாக்கி’ என்பர். அதன் தோட்டாவிற்குப் ‘பெனாபூர்’ என்று பெயர். விதை தூவுவது என்பது அதன் வேர்ப்பொருள். ஒரே குண்டு பாயாமல் பல சன்னங்கள் சிதறிப் பாயும் இயல்பை இதைவிட அழகாகச் சொல்லிவிட முடியாது.

இரட்டைக்குழல் துப்பாக்கி இருவகைப்படும். இரு குழல்களும் அருகருகே அமைந்தது ஒன்று. ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்தது மற்றொன்று. முன்னதைப் பக்கக்குழல் என்றும் பின்னதை மேல்கீழ்க்குழல் என்றும் இக்கட்டுரையில் வழங்குவோம். பன்னிரண்டாம் அளவுத் துப்பாக்கி என்பது, ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக்கினால் அவற்றுள் ஒன்று புகும் அளவு துளையுடையது, ஏறத்தாழ 18.5 மில்லிமீட்டர். எண் பெருகப் பெருகத் துளை சிறுக்கும் என்பதைப் புதியோர் பெரும்பாலும் மாற்றிப் புரிந்துகொள்கின்றனர்.

ஆயுதம் களையப்பட்டோரின் வருகை

தோட்டத் தமிழரிடம் துப்பாக்கி இல்லாமைக்கு வறுமையை மட்டும் காரணமாகக் கூறுவது வழக்கம். அக்காரணம் போதாது. மலாயாவிற்கு ஆள்திரட்டப்பட்ட தமிழ் மாவட்டங்கள் பல, அதற்கு முன்பே ஆயுதம் களையப்பட்டவை. பாளையக்காரர் போர்கள் முடிவுற்றபின், 1801 டிசம்பரில் சென்னை ஆளுநர் கிளைவ் பிரபு வெளியிட்ட பிரகடனம், தென்பாளையங்களில் கோட்டைகளை இடிக்கவும் படைக்கலங்களை ஒப்படைக்கவும் ஆணையிட்டது. மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டு இரு மாதமும் நிறையாத காலம் அது. நாட்டுத் துப்பாக்கியும் ஈட்டியும் வைத்திருப்பது பாளைய நாட்டின் ஊர்க்காவல் முறையோடு பிணைந்த வழக்கமாக இருந்தது. கருவி போனபோது அப்பொறுப்பும் போயிற்று.

அதன்பின் 1878இல் லிட்டன் பிரபு காலத்து ஆயுதச் சட்டம் வந்தது. இந்தியர் ஆயுதம் வைத்திருக்க உரிமம் பெறவேண்டும். ஐரோப்பியருக்கு அக்கட்டாயம் இல்லை. குடகருக்கு மட்டும் விலக்கு அளிக்கப்பட்டது. இன்றைய இந்தியாவிலும் அவ்விலக்கு தொடர்கிறது. தஞ்சை, திருச்சி, சேலம், தென்னார்க்காடு மாவட்டங்களிலிருந்து கப்பலேறியவர்களுக்கு அத்தகைய விலக்கு எதுவுமில்லை. எனவே துப்பாக்கி என்பது அரசாங்கத்தின் கையிலோ வெள்ளையர் கையிலோ இருக்கவேண்டிய பொருள் என்னும் எண்ணம் தோட்டத்தில் புதிதாகக் கற்பிக்கப்பட்டதன்று. ஊரிலேயே பழகியது அது. லயத்தில் அது உறுதிப்பட்டது எனலாம்.

துரையின் தெரிவு

இரண்டாம் உலகப் போருக்கு முந்திய மலாயாவில் தோட்டத் துரை ஒருவர் துப்பாக்கி வாங்கும்போது அவர் முன்னிருந்தது பெரும்பாலும் பிரிட்டிஷ் பக்கக்குழலே. பர்மிங்காம் நகரப் பட்டறைகள் பேரரசின் தோட்டங்களுக்கும் காடுகளுக்கும் அவற்றை ஏராளமாக அனுப்பிவந்தன. 1875இல் ஆன்சன், டீலி எனும் இருவர் உருவாக்கிய பூட்டுப்பொறி, குழலை மடிக்கும்போதே உட்சுத்தியல்களை ஏற்றிவிடும் எளிய அமைப்புடையது. உறுப்புகள் குறைவு, பழுதும் குறைவு. செல்வர் இலண்டன் பக்கத்தகட்டுப் பொறிகளை நாடினர். நடுத்தரச் சம்பளம் பெற்ற சின்ன துரைக்கு ஆன்சன்–டீலி அமைப்பே ஏற்றதாக இருந்தது.

வேட்டைப் பொருள் பல. கிரியான் போன்ற நெல்வயல்களில் வடபுலப் பனிக்காலத்தில் வந்திறங்கும் உள்ளான், மாலையில் கூட்டமாகப் பறக்கும் பச்சைப்புறா, தோட்ட ஓரங்களில் காட்டுக்கோழி, சருகுமான், கேளையாடு ஆகியன பொழுதுபோக்கு வேட்டைக்குரியவை. காட்டுப்பன்றியின் நிலை வேறு. இளங்கன்றுகளையும் மரவள்ளியையும் தோண்டித் தின்னும் பன்றியைச் சுடுவது தோட்ட நிருவாகத்தின் பகுதியாகவே கருதப்பட்டது. சுடப்பட்ட பன்றி சீனர் கடைக்கும் தமிழர் லயத்துக்கும் சென்றது. பன்றிவேட்டையில் தகரம் தட்டிக் காட்டைக் கலைத்தோர் தோட்டத் தொழிலாளரே. சன்னம் பாயும் திசைக்கு எதிர்த்திசையில் நின்று விலங்கை ஓட்டிவரும் இப்பணி எளிதன்று. ஆயினும் வேட்டை நினைவுக்குறிப்புகளில் அவர்களுக்குப் பெயர் கிடைப்பது அரிது.

நம்பகம் என்பதற்கு மலாயாவில் தனிப்பொருள் இருந்தது. இங்கிலாந்தின் வயல்வெளியில் ஆண்டுக்குச் சில மாதம் பயன்படும் துப்பாக்கிக்கும், ஆண்டு முழுதும் ஈரக்காற்றில் சுவரில் சாத்திவைக்கப்படும் துப்பாக்கிக்கும் வேறுபாடு மிகுதி. அக்காலத் தோட்டாவின் உடல் கனத்த தாளாலானது; அடியில் பித்தளைத் தொப்பி. தாள் ஈரத்தை உறிஞ்சிப் பருத்துவிடும். பருத்த தோட்டா குழலுக்குள் புகாது. வலிந்து புகுத்தினால் சுட்டபின் வெளிவராது. மருந்து ஈரம் கோத்தால் விசையை இழுத்தும் வெடிக்காது, அல்லது ஒரு கணம் தாழ்ந்து வெடிக்கும். பிந்தியதே கொடியது. வெடிக்கவில்லை என்றெண்ணிக் குழலை மடிப்பவரின் முகத்துக்கு நேரே அது வெடிக்கக்கூடும். பழைய தோட்டாக்களின் தீமூட்டிக் கலவை, சுட்டபின் உப்புப் படிவை விட்டுச்செல்லும். அன்றிரவே குழலை வெந்நீரால் கழுவி எண்ணெயிடாவிட்டால் துருக்குழிகள் விழும். இவ்வேலை பெரும்பாலும் பங்களாவின் பணியாளரிடம் விடப்பட்டது. துப்பாக்கியைச் சுடும் உரிமையில்லாதவரே அதன் ஆயுளைக் காத்தார் என்பது நினைவில் கொள்ளத்தக்கது.

இந்த ஈரமே விசையின் அமைப்பைப் பற்றிய தெரிவையும் தீர்மானித்தது. பழைய இரட்டைக்குழலில் விசையும் இரண்டு. முன்விசை ஒரு குழலுக்கு, பின்விசை மற்றதற்கு. முதல் தோட்டா வெடிக்காவிட்டால் விரலைப் பின்னுக்கு நகர்த்தி அடுத்த குழலைச் சுடலாம். இரு தனித் துப்பாக்கிகள் ஒரு கட்டையில் பொருத்தப்பட்டவை போன்றது அது. ஒற்றைவிசை அமைப்புகள் பலவற்றில் முதல் வெடியின் பின்னுதைப்பே இரண்டாம் குழலுக்கு விசையை மாற்றித் தருகிறது. முதல் தோட்டா ஊமையானால் உதைப்பு இல்லை. உதைப்பு இல்லையேல் விசை மாறாது. காயம்பட்ட ஆண்பன்றி எதிரே நிற்கையில் இத்தகைய நயமான பொறி துணைக்கு வாராது. உதைப்பைச் சாராத ஒற்றைவிசைகளும் உள்ளன. ஆயினும் இரட்டைவிசையைப் பழையோர் விடாது பற்றியிருந்ததை வெறும் பழமைப்பற்று எனக் கூறுவதற்கில்லை.

துப்பாக்கி வாங்குவோர் நோக்கிய பிற செய்திகளும் வரலாற்றாசிரியருக்குப் பயன்படுவனவே. குழலின் அடியில் பொறிக்கப்பட்ட சோதனை முத்திரை அவற்றுள் முதன்மையானது. பிரிட்டனில் இலண்டன், பர்மிங்காம் ஆகிய இரு சோதனைச்சாலைகளுள் ஒன்றில் மிகையழுத்தத் தோட்டாவைச் சுட்டுத் தாங்கிய குழலுக்கே முத்திரை கிடைக்கும்; பர்மிங்காம் சோதனைச்சாலை 1813இல் நிறுவப்பட்டது. தோட்டா அறையின் நீளமும் அங்குப் பொறிக்கப்படும். பழைய பிரிட்டிஷ் துப்பாக்கிகளில் அது பெரும்பாலும் 65 மில்லிமீட்டர். இன்றைய தோட்டாக்கள் பெரும்பாலும் 70. தோட்டாவின் நீளம் சுட்டு விரிந்தபின் அளக்கப்படுவது ஆதலால், 70 மில்லிமீட்டர்த் தோட்டா 65 மில்லிமீட்டர் அறைக்குள் தடையின்றிப் புகும். சுடும்போதுதான் அதன் வாய் விரிய இடமின்றி அழுத்தம் ஏறும். பாட்டன் வைத்திருந்த துப்பாக்கி நன்றாகத்தான் இருக்கிறது என்று கூறிப் புதுத்தோட்டா இடுவோர் அறியவேண்டிய செய்தி இது.

மேல்கீழ்க்குழலின் எழுச்சி

மேல்கீழ்க்குழல் புதுமையன்று. குழல்வாய் வழியாக மருந்திட்ட காலத்திலேயே அவ்வமைப்பு இருந்தது. ஆயினும் மடித்துத் தோட்டா இடும் துப்பாக்கியில் அதனைச் செம்மையாகச் செய்வது கடினமாக இருந்தது. பக்கக்குழலில் பூட்டுக்கொக்கிகள் குழல்களின் அடியில் அமையும். மேல்கீழ்க்குழலிலும் அவ்வாறே அடியில் வைத்தால் துப்பாக்கியின் உடல் மிக ஆழமாகிவிடும். இலண்டன் பாஸ் நிறுவனம் 1909இல் கொக்கிகளையும் சுழலச்சையும் குழலின் இருபக்கங்களுக்கு மாற்றி இச்சிக்கலைத் தீர்த்தது. உட்வர்ட் நிறுவனம் 1913இல் தன் வடிவத்தைத் தந்தது. இவையிரண்டும் செல்வரின் கைக்குரியவை.

பொதுமக்களை நோக்கி அதனைக் கொண்டுவந்தவர் அமெரிக்கரான ஜான் பிரவுனிங். ஆழம் கூடினும் குற்றமில்லை என்று கருதி, அடியிலேயே முழு அகலச் சுழலச்சை அமைத்தார் அவர். 1926இல் பெல்ஜியத்தின் லியேஜ் நகரத் தொழிற்சாலையில் பணியிலிருந்தபோதே அவர் உயிர்நீத்தார். பணியை மகன் வால் பிரவுனிங் தொடர்ந்தார். 1931இல் ‘சூப்பர்போஸ்டு’ எனும் பெயரில் அது விற்பனைக்கு வந்தது. இத்தாலியின் பெரெட்டா நிறுவனம் மேற்குழலின் இருமருங்கும் கூம்புவடிவக் கொண்டிகள் புகுந்து பூட்டும் அமைப்பால் உடலைத் தாழ்வாக்கியது. 1973இல் பிரவுனிங் நிறுவனம் ஜப்பானின் மிரோக்கு தொழிற்சாலையில் செய்வித்த ‘சித்தோரி’ வெளிவந்தபின், ஆசியாவில் செய்யப்பட்ட மேல்கீழ்க்குழல் உலகச் சந்தையில் நிலைபெற்றது.

இவ்வமைப்பின் சிறப்பு பார்வைக்கோட்டில் உள்ளது. குறிபார்ப்பவர் கண்முன் ஒரே குழலின் அகலமே தெரிகிறது. பறக்கும் இலக்கை அது குறைவாக மறைக்கிறது. முதலில் கீழ்க்குழலைச் சுட்டால் உதைப்பு ஏறத்தாழத் தோளின் நேர்க்கோட்டில் வரும். குழல்வாய் அதிகம் மேலெழாது. இரண்டாம் சூட்டுக்கு விரைந்து ஆயத்தமாகலாம். குறையும் உண்டு. கீழ்க்குழலில் தோட்டா இடக் குழலை மிக அகலமாக மடிக்கவேண்டும். படகிலும் பரணிலும் இது இடர். ஒரு குழலின் வாய் சற்று விரிந்தும் மற்றதன் வாய் ஒடுங்கியும் அமைவது இருவகைக்கும் பொது; அண்மையிலுள்ள இலக்கிற்கு முன்னது, தொலைவிலுள்ளதற்குப் பின்னது.

களிமண் தட்டுகளைச் சுடும் ‘ட்ராப்’ விளையாட்டில் மேல்கீழ்க்குழல் ஏறத்தாழ முழு ஆட்சி பெற்றது. 1964 தோக்கியோ ஒலிம்பிக்கில் இத்தாலியின் மத்தரெல்லி பெராஸி துப்பாக்கியால் தங்கம் வென்றபின் அந்நிறுவனத்தின் பெயர் உலகெங்கும் பரவியது. ஒரு நாளில் நூற்றுக்கணக்கான தோட்டாக்களைச் சுடுவோருக்கு நம்பகம் என்பதன் பொருள் மீண்டும் மாறுகிறது. அங்கே ஈரமன்று பகை, தேய்மானமே பகை.

1948: சட்டம் தேர்ந்த கை

பேராக்கின் துப்பாக்கி வரலாற்றில் 1948 ஜூன் 16 ஒரு திருப்பம். சுங்கை சிப்புட் வட்டாரத்தில் எல்பில் தோட்டத்திலும் சுங்கை சிப்புட் தோட்டத்திலும் வாக்கர், அல்லிசன், கிறிஸ்டியன் என்னும் மூன்று ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் அன்று காலையில் சுட்டுக்கொல்லப்பட்டனர். இரு நாளில் அவசரகாலம் நாடெங்கும் அறிவிக்கப்பட்டது. ஆயர் தாவார் வட்டாரமும் இப்போராட்டத்திற்கு அயலானதன்று. மலாயாக் கம்யூனிஸ்ட் கட்சியின் தலைமைச் செயலாளர் சின் பெங் 1924இல் பிறந்தது அடுத்துள்ள சித்தியவானில். ஜப்பானியர் காலத்தில், 1943 மே மாதம், நேசநாட்டுப் படையின் 136ஆம் பிரிவைச் சார்ந்த ஜான் டேவிஸ் நீர்மூழ்கியில் வந்திறங்கியது இதே டிண்டிங்ஸ் கரையில். அவ்வுறவின் வழியே பின்னர்க் காட்டுக்குள் ஆயுதங்கள் வந்தன.

அவசரகால விதிகள் உரிமமின்றி ஆயுதம் வைத்திருப்பதை மரண தண்டனைக்குரிய குற்றமாக்கின. இவ்விதியின்கீழ் உயிரிழந்தோருள் தமிழர் வரலாற்றில் தனியிடம் பெறுபவர் எஸ்.ஏ. கணபதி. தஞ்சை மாவட்டத்தில் பிறந்து, அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக விளங்கிய அவர், 1949 மார்ச் 1ஆம் நாள் ரவாங் அருகே வாட்டர்பால் தோட்டத்தில் கைது செய்யப்பட்டார். ஒரு கைத்துப்பாக்கியும் ஆறு தோட்டாக்களும் வைத்திருந்தார் என்பது குற்றச்சாட்டு. நேருவின் அரசு தலையிட்டும் பயனின்றி, 1949 மே 4ஆம் நாள் புடு சிறையில் அவர் தூக்கிலிடப்பட்டார். அதற்கு முந்திய நாளில்தான் அவருக்குப்பின் சங்கப்பணியை முன்னெடுத்த வீரசேனன் படையினரால் சுட்டுக்கொல்லப்பட்டிருந்தார்.

கணபதியின் வழக்கில் இருந்தது கைத்துப்பாக்கி, வேட்டைத் துப்பாக்கியன்று. ஆயின் சட்டம் அவ்வேறுபாட்டைக் கருதவில்லை. அது கருதியது உரிமத்தை. அதே ஆண்டில் தோட்டத் துரை தம் மேசைமீது துப்பாக்கியை வைத்துக்கொண்டு சம்பளம் கொடுக்க முடிந்தது. அதே மேசையின் எதிர்ப்புறம் நின்றவர் வரப்பில் கண்டெடுத்த ஒரு தோட்டாவைச் சட்டைப்பையில் வைத்திருந்தாலும் அவருக்கு உயிரச்சம் உண்டு. இவ்விரு நிலைகளுக்கும் இடையில் தோட்டத் தமிழர் நெருக்கப்பட்டனர். காட்டிலிருந்து வந்தோர் ரப்பர் மரங்களை வெட்டிச் சாய்த்து, வேலைக்குச் செல்லாதே என்றனர். நிருவாகம் செல் என்றது. இருள் பிரியுமுன் மரத்தடிக்குச் செல்லவேண்டிய வெட்டுக்காரரிடம் இருந்தது கத்தியும் தலைவிளக்குமே. தோட்டங்களைக் காக்க ஆயிரக்கணக்கில் சிறப்புக் காவலர் சேர்க்கப்பட்டனர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் மலாய்க்காரர். பின்னர் ஊர்க்காவல் படைகள் உருவாயின. 1952இல் ஈயச் சுரங்கங்களைக் காக்கக் கிந்தா பள்ளத்தாக்கு ஊர்க்காவல் படை சீனரைக் கொண்டு அமைக்கப்பட்டது. ஊர்க்காவலருக்கு வழங்கப்பட்ட கருவிகளுள் வேட்டைத் துப்பாக்கியும் ஒன்று. ‘எந்த இனத்தாரை நம்பி எத்தகைய துப்பாக்கி தரலாம்’ என்பதை அரசு எவ்வாறு கணித்தது என்பதற்கு இப்படைகளின் அமைப்பே சான்று.

இதற்கு ஐந்தாண்டுக்கு முன்புதான் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்த தோட்டத்து இளைஞர், ஜான்சி ராணிப் படையில் சேர்ந்த பெண்கள் ஆகியோர் முறையான ஆயுதப் பயிற்சி பெற்றிருந்தனர் என்பதை நோக்குக. துப்பாக்கி பிடிக்கத் தெரியாதவர்கள் என்னும் காரணம் 1948இல் செல்லாது. தெரிந்தவர்கள் என்பதே ஐயத்திற்குக் காரணமாயிற்று என்பது நம் கருத்து.

காட்டுப்போரில் வேட்டைத் துப்பாக்கிக்குப் புதிய மதிப்பும் கிடைத்தது. அடர்காட்டில் எதிரி தோன்றுவது சில கஜத் தொலைவில், சில நொடிகளே. பிரிட்டிஷ் படையினர் பிரவுனிங் வடிவமைத்த தானியங்கி வேட்டைத் துப்பாக்கியைப் பயன்படுத்தினர். இரட்டைக்குழலின் இரு சூடுகள் அங்குப் போதவில்லை.

1960இன் பின்

1960 ஜூலை 31ஆம் நாள் அவசரகாலம் முடிவுற்றது. அவ்வாண்டில் இயற்றப்பட்ட ஆயுதச் சட்டமே இன்றும் துப்பாக்கி உரிமத்தின் அடிப்படை. உரிமம் வழங்கும் அதிகாரம் மாநிலக் காவல்துறைத் தலைவரிடம் உள்ளது. 1971ஆம் ஆண்டின் சுடுகருவித் தண்டனை மிகைப்புச் சட்டத்தின்படி உரிமமின்றிச் சுடுகருவி வைத்திருப்போருக்குப் பதினான்கு ஆண்டு வரை சிறையும் ஆறுக்குக் குறையாத பிரம்படியும் விதிக்கலாம். குற்றம் புரிகையில் சுடுவோருக்குக் கட்டாயமாக இருந்த மரண தண்டனை, 2023இல் நீதிபதியின் தெரிவுக்கு விடப்பட்டது.

அதே 1960இல் அமெரிக்காவில் நெகிழித் தோட்டா சந்தைக்கு வந்தது. தாள் பருக்கும் சிக்கல் அதனோடு மெல்ல மறைந்தது. ஒற்றைவிசையின் மீதிருந்த ஐயமும் தளர்ந்தது. மலாயாவின் ஈரத்திற்குப் பொருந்தாதது எனக் கருதப்பட்ட மேல்கீழ்க்குழல் இங்குப் பொருந்தும் பொருளாகியது. ஆனால் அதனை வாங்கும் நிலையில் தோட்டத் தமிழர் அப்போதும் இல்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டன; ரப்பர் அழிந்து செம்பனை வந்தது; லயங்கள் காலியாயின. தோட்டச் சிறுவர் கண்ட துப்பாக்கி, சம்பள நாளில் வங்கியிலிருந்து பணம் வரும் வண்டியில் காவலர் மடியில் கிடந்ததே. 1972இல் உருவான ரேலா தொண்டர் படையின் வழியே கிராமப்புறங்களில் ‘செனாப்பாங் பாத்தா’ மீண்டும் புழக்கத்திற்கு வந்தது.

இன்று ஆயர் தாவார் வட்டாரத்தில் ஒரு சிறுதோட்ட உரிமையாளர் பன்றிக்காகத் துப்பாக்கி வாங்க விழைந்தால், கடைக்குச் செல்லுமுன் அவர் காவல் நிலையத்திற்குச் செல்லவேண்டும். வேட்டைக்கு வனவிலங்குத் துறையின் உரிமம் தனியே வேண்டும். 1972ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பதிலாக வந்த 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதனை வரையறுக்கிறது. தோட்டக்காரரும் வேட்டைக்காரருமாக இருந்து பின் விலங்குகளின் காவலரான தியடோர் ஹப்பாக், 1930 முதல் 1932 வரை தலைமை தாங்கிய வனவிலங்கு ஆணையத்தின் காலத்திலேயே, பயிரைக் காக்கும் துப்பாக்கி எங்கே முடிகிறது, வேட்டைத் துப்பாக்கி எங்கே தொடங்குகிறது என்னும் விவாதம் எழுந்துவிட்டது. பன்றியின் நிலையும் மாறியுள்ளது. 2021இன் இறுதியில் தீபகற்பத்தில் பரவிய ஆப்பிரிக்கப் பன்றிக்காய்ச்சல் துப்பாக்கியைவிட விரைந்து வேலை செய்தது.

உரிமம் கிடைத்தபின் தெரிவு எளிதாகிவிடுகிறது. குழல்களைக் கழற்றி ஒளியை நோக்கிப் பிடித்து உட்சுவரில் துருக்குழியோ நசுங்கலோ உண்டா எனக் காணவேண்டும். முன்கட்டையை நீக்கிவிட்டுக் குழலைப் பூட்டி அசைத்தால் ஆட்டம் தெரியக்கூடாது. குழலின் பின்முகத்திற்கும் பொறிமுகத்திற்கும் இடையே ஒளிக்கீற்று நுழையலாகாது. அறையின் நீளம் 70 அல்லது 76 எனப் பொறிக்கப்பட்டிருக்கவேண்டும். விசை உதைப்பைச் சார்ந்ததா அன்றா எனக் கேட்டறியவேண்டும். பின்கட்டையின் நீளம் வாங்குபவரின் கைக்குப் பொருந்தவேண்டும். நெடிய ஐரோப்பியருக்கென அளவிட்ட கட்டை நம்மவர் அக்குளில் சிக்கி, குழல் மேல்நோக்கும். விலையுயர்ந்த செதுக்கு வேலைப்பாட்டைக் காட்டிலும் இவ்வொரு செய்தி மிகு கவனத்திற்குரியது. உதிரி உறுப்பு ஈப்போவிலோ கோலாலம்பூரிலோ கிடைக்குமா என்பதும் உடன் கேட்கவேண்டிய வினா.

விளையாட்டுக் களத்தை நோக்கினால், 1998இல் கோலாலம்பூர் நடத்திய காமன்வெல்த் போட்டிகளின் துப்பாக்கிச் சுடுதல் லங்காவியில் நடைபெற்றது. அக்களத்தில் மலேசியத் தமிழரைக் காண்பது அரிது. தமிழகத்திலிருந்து இவ்விளையாட்டில் உலகறியத் தோன்றியவர் பிருத்விராஜ் தொண்டைமான். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ட்ராப் போட்டியில் இந்தியாவிற்காகப் பங்கேற்றார். அவர் புதுக்கோட்டை அரச குடும்பத்தினர். 1799இல் கட்டபொம்மன் பிடிபட்டது புதுக்கோட்டை எல்லைக்குள். அவரைக் கம்பெனியிடம் ஒப்படைத்தவர் அன்றைய தொண்டைமான். ஈராண்டு கழித்து வந்த 1801ஆம் ஆண்டுப் பிரகடனத்தின்படி தென்பாளையங்கள் தம் துப்பாக்கிகளை ஒப்படைத்தபோது, கம்பெனியின் நட்பு நாடாகிய புதுக்கோட்டை தனியரசாக நீடித்தது. 1948இல் இந்திய ஒன்றியத்தோடு இணையும் வரை அது அவ்வாறே இருந்தது.